சீட்டைக் கேட்கலாம், மானத்தைக் கேட்கலாமா?

“டிக்கெட் எடுக்காதவனுக்கு மரியாதை ஒரு கேடா?” என்று கேட்கிறார்கள். பஸ்ஸிலே கேட்கிறார்கள், பஸ் நிலையத்து டீக்கடையிலே கேட்கிறார்கள், படித்தவர் கேட்கிறார், பண்ணையார் கேட்கிறார். கேட்பவர் குரலிலே நீதியின் மிடுக்கு! சூழ நிற்போர் முகத்திலே ஆமோதிக்கும் புன்னகை! அந்தக் கேள்வியின் உள்ளே ஒரு கொடுமை ஒளிந்திருப்பதை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மரியாதை என்ன, கட்டணம் செலுத்தியவனுக்குக் கிழித்துக் கொடுக்கும் சீட்டா? பணம் தந்தால் மனிதன், தராவிட்டால் மாடு என்று வகுத்தது யார்? பயணச்சீட்டின் விலையிலே பயணத்தின் கூலி அடங்கியிருக்கிறது. பயணியின் மானம் அதில் அடங்கவில்லை. அது விற்பனைக்கு வைக்கப்பட்ட பண்டமன்று. எனவே அதைப் பறிமுதல் செய்யும் உரிமையும் எவருக்கும் இல்லை.

இப்படிச் சொன்னதும், “ஓகோ! ஓசிப் பயணத்துக்கு வக்காலத்தா?” என்று பாய்வோர் உண்டு. பொறுங்கள், நண்பர்களே! அந்த வழக்கையே முதலில் தீர்த்துவிடுவோம்.

சீட்டின்றிச் செல்வது தவறு. வீரமுமன்று, புரட்சியுமன்று. நம் பக்கத்து இளைஞர் சிலர் கல்லூரிப் பருவத்திலே படிக்கட்டில் தொங்கியபடி நடத்துநரை ஏய்ப்பதை ஏதோ ஆதிக்க எதிர்ப்புப் போர் போலப் பேசித் திரிகின்றனர். யாரை எதிர்த்துப் போர்? தம்மம்பட்டியில் ரயில் இல்லை. ரயிலேற வேண்டுமானால் ஆத்தூருக்குப் போகவேண்டும். ஆத்தூருக்குப் போகப் பஸ் ஏறவேண்டும். இராசிபுரமானாலும் துறையூரானாலும் நம் ஊர் ஏழைக்குப் பஸ்தான் கால். அரசுப் பஸ் என்பது தனியொருவர் தோட்டமன்று, பறித்துத் தின்று பெருமை பேச! அது பொதுச் சொத்து. அதன் கட்டணத்தை ஏய்ப்பவன் அடுத்த இருக்கையிலிருக்கும் கூலித் தொழிலாளியின் பையிலே கைவிடுகிறான். ஆகவே சீட்டு எடுங்கள்! எடுத்துவிட்டு, நிமிர்ந்து நின்று கேள்வி கேளுங்கள்!

கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு, அதன் எல்லை எது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டுங்கள். உரிய சீட்டோ பாஸோ இல்லாமல் பஸ்ஸில் பயணம் செய்யக்கூடாது என்கிறது 124ஆம் பிரிவு. உடனே ஒரு விலக்கும் தருகிறது: பஸ்ஸுக்குள்ளேயே சீட்டு வழங்கும் ஏற்பாடு இருந்தால், பயணி ஏறிக்கொள்ளலாம், ஏறியபின் கூடிய விரைவில் கட்டணம் செலுத்திச் சீட்டுப் பெறவேண்டும். பாருங்கள், சட்டத்துக்குத் தெரிகிறது நெரிசல் என்றால் என்னவென்று! முன்படியில் ஏறியவன், பின்னால் நிற்கும் நடத்துநரை நோக்கிக் கையிலே காசை நீட்டிக்கொண்டு, மூட்டைகளுக்கு இடையே நெளிகிறான். அடுத்த நிறுத்தத்திலே செக்கர் ஏறுகிறார். “சீட்டு எங்கே?” என்கிறார். காசு நீட்டிய கை கள்ளன் கையாகிவிடுமா?

சீட்டில்லாமல் பயணம் செய்தவனுக்குத் தண்டனை சொல்வது 178ஆம் பிரிவு. என்ன தண்டனை? 500 ரூபாய் வரை விதிக்கக்கூடிய அபராதம். அவ்வளவுதான்! சிறை இல்லை. அடி இல்லை. சட்டைக் காலரைப் பிடித்து உலுக்குவது இல்லை. அதே பிரிவு நடத்துநரையும் விட்டுவிடவில்லை. கட்டணம் பெற மறுத்தாலும், சீட்டுத் தராவிட்டாலும், செல்லாத சீட்டைத் தந்தாலும், குறைந்த மதிப்புள்ள சீட்டைத் தந்தாலும் அவருக்கும் 500 ரூபாய் வரை அபராதம். சட்டத்தின் தராசிலே இரண்டு தட்டு. நடைமுறையிலே தொங்குவதோ பயணியின் தட்டு ஒன்றுதான்!

அபராதம் என்பது நீதிமன்றம் விதிப்பது. வழக்குக்குப் போகாமல், அரசு அறிவிக்கை மூலம் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் குறித்த தொகை கட்டி இணங்கித் தீர்த்துக்கொள்ள 200ஆம் பிரிவு வழி தருகிறது. அது இணக்கம், எனவே கட்டச் சம்மதிப்பதும், சம்மதியாமல் “வழக்குப் போடுங்கள், நீதிபதியிடம் சொல்லிக்கொள்கிறேன்” என்பதும் பயணியின் உரிமை. கட்டினால் ரசீது கேட்பதும் உரிமை. ரசீதின்றி வாங்கும் பணத்துக்கு அபராதம் என்று பெயரில்லை. அதன் பெயரை நம் ஊரார் நன்கறிவர்.

“பிடித்து வைத்தால் என்ன?” என்பார்கள். பிடித்து வைக்கும் அதிகாரம் வானத்திலிருந்து விழுவதில்லை. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்குப் போலீசாரே பொதுவாகப் பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாது. தனியாள் ஒருவர் மற்றொருவரைக் கைது செய்யலாம் என்று 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இடம் தருவது, தம் கண்ணெதிரே பிணையில் விடத்தகாத, போலீசார் தாமே கைது செய்யத்தக்க பெருங்குற்றம் நடந்தால்தான். அப்போதும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கவேண்டும். பத்து ரூபாய்ச் சீட்டு அந்தப் பட்டியலிலே சேருமா? பரிசோதகர் பெயரும் முகவரியும் கேட்கலாம். எழுதிக்கொண்டு வழக்குத் தொடரலாம். பயணி அடம்பிடித்தால் போலீசை அழைக்கலாம். இவற்றை விட்டு, அறையிலே பூட்டி வைத்தால், அது சட்டவிரோத அடைத்துவைப்பு. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலே அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பத்து ரூபாய்க் குற்றத்தைக் கண்டுபிடிக்கப் போய், ஓராண்டுச் சிறைக்குரிய குற்றத்தைச் செய்வதா கடமை?

தனியார் பஸ்ஸின் செக்கருக்கோ இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அவர் முதலாளியின் ஊழியர். சட்டைப்பையிலே விசில் இருப்பதால் அவர் சர்க்கார் ஆகிவிடமாட்டார்.

ரயிலின் சட்டம் இதைவிடக் கடுமையானது. ஆயினும் கடுமைக்கும் கரை போட்டிருக்கிறது. வெள்ளையர் காலத்து 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திலே வந்தது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம். ஏய்க்கும் எண்ணத்தோடு சீட்டின்றிச் செல்வதை 137ஆம் பிரிவிலும், எண்ணம் எதுவாயினும் சீட்டில்லாதவரிடம் கட்டணமும் மிகைக் கட்டணமும் பெறுவதை 138ஆம் பிரிவிலும் அது தனித்தனியாகப் பிரித்து வைத்தது. மறந்தவனும் மோசடிக்காரனும் ஒருவனல்ல என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது! தொகையைத் தர மறுத்தால், வசூலித்துத் தரும்படி நீதிபதியிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்றது. பெயர், முகவரி தர மறுப்பவரையோ பொய்ப்பெயர் சொல்பவரையோ தப்பியோடுவார் என்று கருதத்தக்கவரையோ கைது செய்ய இடமளித்த 180ஆம் பிரிவுங்கூட, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்து என்று கட்டளையிட்டது.

139ஆம் பிரிவைப் படிக்கும்போது எனக்கு வியப்பு. பணம் தராதவரை வண்டியை விட்டு இறக்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலே தடை போடுகிறது: ஆண் துணையில்லாத பெண்ணையும் சிறுவரையும் கண்ட இடத்தில் இறக்கக்கூடாது, ஏறிய நிலையம், சந்திப்பு, இறுதி நிலையம், மாவட்டத் தலைநகர் நிலையம் இவற்றிலேதான் இறக்கலாம், அதுவும் பகலிலே! குற்றம் செய்தவளாயினும் இரவிலே காட்டு நிலையத்தில் தள்ளிவிடாதே என்று கல்நெஞ்சச் சட்டம் கசிந்துருகுகிறது. இந்த இரக்கம் ஒவ்வொரு பஸ்ஸிலும் நடைமுறையாக வேண்டாமா? பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே, இருட்டிய வேளையிலே, பாஸைப் புத்தகப் பைக்குள் தேடிக் காணாமல் விழிக்கும் பள்ளி மாணவியைச் சாலையில் இறக்கிவிடுவது எந்தக் கணக்கிலே சேரும்? கழகத்துக்கு மிஞ்சுவது சில ரூபாய். அந்தக் குழந்தைக்கு நேரக்கூடியதை எந்த நீதிமன்றம் திருப்பித் தரும்?

“அத்தனை பேரும் யோக்கியரா?” என்று மறித்துக் கேட்பர். இல்லை. அதனால்தான் விசாரணை என்று ஒன்றை மனித இனம் கண்டுபிடித்தது. சிலம்பு பிடிபட்டது, கள்வன் இவனே என்று பொற்கொல்லன் சொன்னான், மன்னன் ஆராயாமல் ஆணையிட்டான், மதுரை எரிந்தது. சிலப்பதிகாரத்தை மேடையிலே முழங்கிவிட்டு, பஸ்ஸிலே “அவனைப் போடு இரண்டு!” என்று கூவினால், நாம் படித்தது காப்பியமா, கரும்பலகையா?

சிற்றதிகாரிக்குப் பேரதிகாரம் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு உலகமே சான்று. 1893 ஜூன் 7 இரவு, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்திலே காந்தியார் வண்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டார். அவரிடம் சீட்டில்லையா? முதல் வகுப்புச் சீட்டே இருந்தது! இல்லாதது வெள்ளைத்தோல். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரிலே ரோசா பார்க்ஸ் அம்மையார் கட்டணம் செலுத்தித்தான் பஸ்ஸிலே அமர்ந்தார். எழுந்து வெள்ளையருக்கு இடம்விடு என்றார் ஓட்டுநர். நிறம் பிரித்து இருக்கை ஒதுக்கும் விதியை நிறைவேற்ற, பஸ் ஊழியருக்கே போலீஸ் அதிகாரம் வழங்கியிருந்தது அந்நகரின் சட்டம்! விளைவு? அம்மையார் கைது, 381 நாள் பஸ் புறக்கணிப்பு, அந்தப் பிரிவினையே செல்லாதென்று 1956இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு.

அயல்நாட்டுக் கதையோடு நிறுத்துவானேன்? நம் நாட்டிலேயே தாழ்த்தப்பட்டோரைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்த காலம் இருந்தது. கையிலே காசிருந்தும் சீட்டுக் கிடையாது! இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டு அந்தத் திமிரை அடக்கினார். பஸ்ஸின் படிக்கட்டு நமக்கு வெறும் பலகையன்று. போராடி ஏறிய படி அது. அந்தப் படியிலே ஏறியவனை, வேட்டியின் அழுக்கைப் பார்த்து முதலில் சோதிப்பதும், வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்துப் புன்னகைத்து நகர்வதும் மீண்டும் தலைதூக்க விடலாமா? மலையிலிருந்து இறங்கி வரும் பழங்குடியினரையும், மரச்சிற்பப் பொதியைத் தோளில் சுமந்து நிற்கும் நம் ஊர்ச் சிற்பியையும் அதட்டும் குரல், கைப்பெட்டிக்காரரிடம் ஏன் கம்மிவிடுகிறது?

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களிலே மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். கட்டணமில்லாச் சீட்டு அவர்கள் கையிலே தரப்படுகிறது. கழகங்களுக்கு அரசு ஈடு செய்கிறது. அப்படியிருக்க, அவர்களை “ஓசி” என்று இளிப்போர் உண்டு. 2022இல் அமைச்சர் ஒருவரே பொது மேடையில் அந்தச் சொல்லை வழங்கி, நாட்டின் கண்டனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார். நம்மவர் சொன்னாலும் இழிசொல் இழிசொல்தான்! உரிமைச் சீட்டு வைத்திருப்பவளை இரவலாளியாகப் பார்க்கும் கண்தான், சீட்டைத் தவறவிட்டவனைத் திருடனாகப் பார்க்கிறது. நோய் ஒன்று; அறிகுறி இரண்டு.

பரிசோதகர் நம் பகைவரா? அல்லர். அவரும் தொழிலாளி, வெயிலிலே சாலையோரம் நின்று வண்டி மறித்து ஏறுபவர். நடத்துநரின் நிலையோ பரிதாபம். பஸ்ஸிலே சீட்டில்லாத பயணி அகப்பட்டால் குற்றக் குறிப்பாணை அவருக்கு வருகிறது. அரியானா நடத்துநர் ஒருவர் வழக்கிலே, பயணிகளிடம் வாக்குமூலம் வாங்கவில்லை என்பதற்காக மட்டும் துறை விசாரணை செல்லாததாகிவிடாது என்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது, எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், ஏழைக்காக இரங்கிய நீதிபதி. ஆகவே பரிசோதகரின் ஒரு குறிப்பிலே நடத்துநரின் அடுப்பு அணையலாம். அந்த அச்சம் அவரைக் கடிக்கிறது. அவர் பயணியைக் கடிக்கிறார். மேலே இருப்பவன் கீழே இருப்பவனை நம்பாத ஏற்பாடு இது. ஒவ்வொரு படியிலும் வசை இறங்கி, கடைசிப் படியிலே நிற்பவன் தலையில் கொட்டுகிறது. ஆனால், அச்சத்துக்குக் காரணம் சொல்லலாமே தவிர, அறைவதற்கு நியாயம் சொல்ல முடியாது.

பகுத்தறிவு என்றால் கல்லைக் கும்பிடாதிருப்பது மட்டுமா? காக்கியைக் கண்டதும் கைகட்டுவதும் ஒரு மூடநம்பிக்கைதான்! “அதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்பது, “ஆண்டவன் விட்ட வழி” என்பதன் உடன்பிறப்பு. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எவ்வளவு, ரசீது எங்கே? இந்த நான்கு கேள்விகளை அமைதியாகக் கேட்கத் தெரிந்தவன் எதிரிலே ஆணவம் நிற்காது.

இளைஞர்களே! படிப்பகங்களிலே சட்டத்தின் இந்தப் பிரிவுகளைத் தமிழிலே எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு பஸ்ஸிலும் அபராதத் தொகையை மட்டும் அறிவித்தால் போதாது, பயணியின் உரிமையையும் அதே அளவு எழுத்திலே எழுதுக என்று போக்குவரத்துக் கழகங்களுக்கு விண்ணப்பம் போடுங்கள். பரிசோதகரின் பெயரும் எண்ணும் மார்பிலே தெரியவேண்டும் என்று கேளுங்கள். மாணவரையும் தனித்து வரும் மகளிரையும் இருட்டிலே இறக்கிவிடக்கூடாது என்று கட்டளை பிறக்கும்வரை ஓயாதீர்கள். பஸ்ஸிலே ஒருவனைச் சூழ்ந்து கூட்டம் கூச்சலிடும்போது, ஒருவராவது எழுந்து, “சீட்டில்லையென்றால் சட்டப்படி எழுதுங்கள், கையை எடுங்கள்!” என்று சொல்லுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

ஏய்த்தவன் கட்டவேண்டியது அபராதம். அதைக் கட்டியபின் அவன் யாருக்கும் கடனாளி அல்லன்.