மன்றம் யாருக்குக் காவல்?

ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் எத்தனை அவைகள், எத்தனை இடங்கள், எவர் கையில் எத்தனை வாக்குகள் என்பன வெறும் கணக்கு என்று எண்ணுவோர் உண்டு. கணக்குத்தான், ஆனால், மக்களை ஆள வைக்கவும் அடிமையாக்கவும் வல்ல கணக்கு அது! தென்னாப்பிரிக்கா அதற்குச் சான்று.

1984ஆம் ஆண்டில் அங்கே நிறவெறி ஆட்சியினர் மூன்று அவைகளை அமைத்தனர். வெள்ளையருக்கு 178 இடங்கள்; கலப்பினத்தவருக்கு 85; இந்தியருக்கு 45. பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கோ ஓரிடமும் இல்லை! கரும்புத் தோட்டத்துக் கூலிகளாய்ச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களும் அந்த 45 இடங்களுக்கு அழைக்கப்பட்டனர். ஆனால், பதிவு பெற்ற இந்திய வாக்காளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே வாக்களித்தனர். மண்ணின் மைந்தரை வாயிலில் நிறுத்திவிட்டு நமக்கு மட்டும் இடப்படும் விருந்து விருந்தாகாது என்ற குரல் வென்றது.

1994இல் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1996ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் இரண்டு அவைகளை வகுத்தது. ஒன்று தேசிய சட்டமன்றம். விகிதாசார முறையில் 400 உறுப்பினர்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அகற்ற வல்லதும் அதுவே. மற்றொன்று மாகாணங்களின் பேரவை. 9 மாகாணங்களுக்கும் தலைக்கு 10 பேராக 90 பேர். மாகாணங்களைத் தொடும் மசோதாக்களில் மாகாணத்துக்கு ஒரே வாக்கு. 2022 கணக்கெடுப்பின்படி ஒன்றரைக் கோடி மக்களைக் கொண்ட கௌடெங்குக்கும், 13 லட்சம் பேரைக் கொண்ட வட கேப்புக்கும் அங்கே ஒரே எடை! ஐந்து மாகாணங்கள் இசைய வேண்டும். அவற்றின் மறுப்பை மீற வேண்டுமாயின், தேசிய சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சிறியதைப் பெரியது விழுங்காதிருக்க எழுப்பிய அரண் அது.

ஆயினும், அந்த மாளிகையிலும் ஒரு விரிசல் உண்டு. உறுப்பினர் பெரும்பாலும் கட்சிப் பட்டியலின் வழியே வருகிறார். கட்சியை விட்டு நீங்கினால் இடத்தையும் இழக்கிறார். அப்படியானால் அவர் அஞ்சுவது யாருக்கு? வாக்களித்தவருக்கா, பட்டியல் எழுதுபவருக்கா?

விடை 2016இல் கிடைத்தது. குடியரசுத் தலைவர் ஜேக்கப் ஜூமாவின் நகாண்ட்லா இல்லத்தில் பொதுப்பணம் செலவிடப்பட்டது. ஒரு பகுதியை அவர் திருப்பித் தர வேண்டும் என்று பொதுமக்கள் காப்பாளர் துலி மடோன்செலா 2014இல் அறிவித்தார். ஆளுங்கட்சியின் பெரும்பான்மையோ அவரை விடுவித்துத் தீர்மானம் இயற்றியது! தலைவர் மட்டுமல்ல, தேசிய சட்டமன்றமே கடமை தவறியது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னும், பதவி நீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவு 143, எதிர்ப்பு 233.

2017இல் வாக்கெடுப்பு இரகசியமானது. எதிர்க்கட்சிகளின் இடங்கள் 151. தலைவருக்கு எதிராக விழுந்த வாக்குகளோ 177! மனச்சான்று இருந்தது, அதை வெளிப்படக் காட்டும் துணிவுதான் இல்லை. தீர்மானம் தோற்றது, 2018இல் ஜூமா விலகினார், 2024 தேர்தலில் அவரைக் காத்த கட்சி 159 இடங்களுக்குச் சுருங்கி, 30 ஆண்டுப் பெரும்பான்மையை இழந்தது.

"கட்டுப்பாடே வேண்டாமா?" எனக் கேட்பீர்கள். வேண்டும். கட்சி தாவ அங்கே கதவு திறந்திருந்த காலமும் உண்டு. சிறு கட்சிகள் சிதைந்தன. 2009இல் கதவு சாத்தப்பட்டது. கொள்கையில் கட்டுப்பாடு கட்சிக்கு முதுகெலும்பு. ஆனால், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது கட்டுப்பாட்டை மீறுவதாகாது. அது மக்கள் இட்ட பணி.

கழகமோ காங்கிரசோ, எக்கட்சியாயினும், கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வியைத் தோழர்கள் விழுங்கினால், அதைப் பின்னொரு நாள் மக்கள் வாக்குச்சாவடியில் கேட்பார்கள். அன்று விடை சொல்ல அவகாசம் இராது. ஆகவே, இன்றே கேளுங்கள், அன்போடு கேளுங்கள், அஞ்சாது கேளுங்கள்!