பெற்றோர் தொடங்கும் தொழிலும் சர்க்காரின் கடமையும்

பிள்ளையைப் பெற்றவர் யாவருக்கும் கவலை உண்டு. ஆயினும், அறிவு வளர்ச்சியிலோ அங்கங்களின் இயக்கத்திலோ குறைபாடுடைய குழந்தையைப் பெற்றவருக்கு மற்றவர் அறியாத ஒரு கவலை உண்டு. “நமக்குப் பின் இக்குழந்தைக்கு யார்?” என்பதே அது. இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்ட பெற்றோர் சிலர், தம் குழந்தைக்கு வேண்டியதைத் தாமே உண்டாக்கி, அதைப் பிற குடும்பங்களுக்கும் கிடைக்கச் செய்யும்பொருட்டுத் தொழில் நடத்தவே துணிந்திருக்கின்றனர். இத்தகைய முயற்சியைத் தேசம் எவ்வாறு நோக்க வேண்டும் என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

முதலில் அந்நிய நாட்டு உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டென்மார்க் தேசத்தில் தோர்கில் சோனே என்பவர் தொலைத்தொடர்புக் கம்பெனி ஒன்றில் நல்ல உத்தியோகத்திலிருந்தார். அவருடைய இளைய மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாக வைத்தியர்கள் கூறினர். மகன் வளர்ந்தபின் அவனுக்கு யார் வேலை கொடுப்பார் என்று எண்ணிய தந்தை, ஆட்டிசம் உடையோர் பலரிடம் நுணுக்கமான கவனமும், ஒரே வேலையைச் சலியாது பிழையறச் செய்யும் ஆற்றலும் இருப்பதைக் கண்டார். கணினி மென்பொருளில் பிழை தேடும் வேலைக்கு வேண்டிய யோக்கியதாம்சங்கள் இவையே அல்லவா? 2004ஆம் ஆண்டில் அவர் உத்தியோகத்தை விட்டார். வீட்டின்மேல் கடன் வாங்கினார். ஆட்டிசம் உடையோரையே பணியாளராகக் கொண்ட ‘ஸ்பெஷலிஸ்டெர்னே’ என்னும் கம்பெனியைத் தொடங்கினார். அவர் வாடிக்கைக்காரரிடம் இரக்கத்தை வேண்டவில்லை. நல்ல வேலையைக் கொடுத்து உரிய கூலியைக் கேட்டார். 2008ஆம் ஆண்டில் கம்பெனியின் பங்குகளைப் பொது நிதியம் ஒன்றுக்கே உரிமையாக்கிவிட்டார்.

2013ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ‘எஸ்.ஏ.பி.’ என்னும் பெருங்கம்பெனி அவரோடு கூட்டுச் சேர்ந்தது. அப்போதே அக்கம்பெனி, நம் பெங்களூரிலுள்ள தன் கிளையில் ஆட்டிசம் உடையோர் சிலரை இவ்வேலையில் அமர்த்திப் பார்த்துத் திருப்தியடைந்திருந்தது. ஆகவே, இஃது ஐரோப்பியருக்கே கைகூடும் காரியம் என்று எவரும் சொல்வதற்கில்லை.

நம் நாட்டுப் பெற்றோர் எவர்க்கும் பின்தங்கியவரல்லர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகளுக்குத் தக்க பள்ளி இங்கில்லாமையால் இங்கிலாந்து சென்று, தாமும் அக்கல்வி முறையைக் கற்றுத் திரும்பிய மிது ஆலூர் அம்மையார், 1972ஆம் ஆண்டில் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியை நிறுவினார். அதே குறைபாடுடைய மகனின் தாயாராகிய பூனம் நடராஜன் அம்மையார் 1985ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய நிலையமே இன்று ‘வித்யாசாகர்’ என்று வழங்குகிறது. மெரி பருவா அம்மையார் தம் மகனின் பொருட்டு 1991ஆம் ஆண்டில் டில்லியில் ஆட்டிசத்திற்கென ஒரு சங்கம் கண்டார். இத்துறையில் நம் தேசம் கற்ற பாடங்களில் பெரும்பகுதியைக் கற்பித்தவர்கள் தாய்மார்களே என்றால் அது மிகையாகாது.

எனினும் ஒரு வேற்றுமையைக் கவனித்தல் வேண்டும். டென்மார்க்கில் வேலைத்திறன் குறைந்தோர் பணியிலமர்ந்தால், ஊதியத்தில் ஏற்படும் குறையைப் பொது நிதியிலிருந்து ஈடுசெய்யும் ஏற்பாடு உண்டு. அங்கே தந்தையின் துணிவுக்குப் பின்னால் சர்க்கார் நின்றது. இங்கே தாயின் துணிவுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் நன்கொடைப் புத்தகமே.

நன்கொடையின்றித் தொழிலாகவே நடத்தலாகாதா என்று கேட்கலாம். அதிலுள்ள சங்கடத்தைச் சிறிது விளக்குவோம். சக்கர நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழந்தை வளருந்தோறும் அதை மாற்ற வேண்டும். ஒரு குழந்தைக்குத் தலை தாங்கி வேண்டும், மற்றொன்றுக்கு இடுப்புப் பட்டை வேண்டும். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்து விற்கும் பெரிய ஆலைக்கு இதில் லாபம் இல்லை. குழந்தையின் உடலை நாள்தோறும் தொட்டுத் தூக்கும் பெற்றோருக்கே என்ன வேண்டுமென்பது தெரியும். ஆனால் அவர் செய்யும் பொருளை வாங்க வேண்டியவர் யார்? குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகத் தாய் வேலையை விட, ஒரே வருமானத்தில் பயிற்சிக் கட்டணமும் வைத்தியச் செலவும் கொடுத்துத் தவிக்கும் குடும்பங்கள்! விலையைக் கூட்டினால் அவர்களால் வாங்க இயலாது. குறைத்தால் தொழில் நில்லாது. இத்தொழிலுக்குத் தேவை மிகுதி; வாங்கும் சக்தியோ குறைவு. இம்முடிச்சைத் தனி மனிதர் ஒருவரின் தியாகத்தால் அவிழ்க்க முடியாது.

பொது நலத்திற்காகத் தொடங்கும் கம்பெனி புகழுரையால் மாத்திரம் பிழைக்காது என்பதற்குத் தமிழர் வேறு சாட்சி தேட வேண்டுவதில்லை. 1906ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது கைதட்டலுக்குக் குறைவில்லை. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அந்நிய சர்க்கார் 1908இல் அவரைச் சிறையிலிட்டது. 1911ஆம் ஆண்டில் கம்பெனி கலைந்தது. அன்று சர்க்கார் பகையாயிருந்தது. இன்று நம்முடைய சர்க்கார் பகையாயில்லை. ஆனால் பாராமுகமாயிருத்தலும் விளைவில் அதற்குச் சமானமே.

சட்டம் இல்லையோ எனின், உண்டு. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய 1995ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொண்ட 7 வகைக் குறைபாடுகளை 21ஆக விரித்தது. அதன் 37ஆவது ஷரத்து, வீட்டிற்கும் தொழிலுக்கும் வியாபாரத்திற்கும் உற்பத்தி நிலையத்திற்கும் சலுகை விலையில் ஒதுக்கும் நிலத்தில் நூற்றுக்கு 5 பங்கை, நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத குறைபாடுடையோர்க்கென வைக்கச் சொல்கிறது. ஆனால் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை தானே மனுப்போட்டு நிலம் பெற்றுத் தொழில் நடத்துமா? அதன் பொருட்டுத் தொழில் தொடங்கும் பெற்றோரையும், 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமனம் பெறும் காப்பாளரையும் இச்சலுகைக்கு உரியவராக்கித் தெளிவான விதி செய்யாதவரையில், இந்த ஷரத்து அவர்கள் மட்டில் ஏட்டுச் சுரைக்காயே.

24ஆவது ஷரத்து, மிகுந்த துணை வேண்டுவோர்க்குப் பராமரிப்பாளர் படி அளிக்கும் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் தொடக்கத்திலேயே ‘பொருளாதார சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு’ என்னும் வாசகம் நிற்கிறது. கொடுக்க மனமில்லாதவன் நுழைந்து தப்பும் வாசல் இதுவே என்பதைச் சட்டம் பயின்றோர் நன்கறிவர்.

வரி விஷயத்தைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் சரக்கு சேவை வரி அமுலுக்கு வந்தபோது, சக்கர நாற்காலிக்கும் பிரெயில் தாளுக்கும் நூற்றுக்கு 5 வீதம் வரி விதிக்கப்பட்டது. நடப்பதற்கும் படிப்பதற்கும் வரியா என்று மாற்றுத்திறனாளிகள் முறையிட்டனர். முழு விலக்குக் கொடுத்தால், உள்நாட்டு உற்பத்தியாளர் மூலப்பொருள்மீது கட்டிய வரியைத் திரும்பப் பெற இயலாது, இறக்குமதிச் சரக்கே மலிவாகும் என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் கூறப்பட்டது. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்நிய நாட்டிற்கு ஏற்றுமதியாகும் சரக்குக்கு வரியை நீக்கி, மூலப்பொருள் வரியையும் திருப்பிக் கொடுக்கும் முறை அதே சட்டத்தில் இருக்கிறதே! அயலார்க்குக் காட்டும் அச்சலுகையை நம் குழந்தைகளுக்குக் காட்டினால் என்ன குறை வந்துவிடும்?

பிறர் துன்பத்தில் லாபம் தேடுவது தகுமோ என்று ஆக்ஷேபிப்போர் உளர். ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாகப் பொய் சொல்லிப் பணம் பறிப்போர் இருப்பதால் இவ்வாக்ஷேபத்தை அலட்சியம் செய்யலாகாது. ஆனால் அதற்குரிய மருந்து கண்காணிப்பேயன்றித் தடையன்று. பயிற்சியளிப்போரைப் பதிவு செய்ய 1992ஆம் வருஷத்து மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் இருக்கிறது. அதைக் கண்டிப்பாக நடத்துக. யோக்கியமாக உழைப்பவர் கூலி பெறுதல் பாவமன்று. கூலியின்றி ஒரு தாய் எத்தனை வருஷம் பிறர் குழந்தைகளையும் சுமப்பாள்?

2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கு, நம் தேசத்தில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர் என்று கூறிற்று. அத்தனை குடும்பங்களின் துயரைச் சில பெற்றோரின் வீரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டயம் வழங்கிப் பொன்னாடை போர்த்துதல் ராஜ்யபாரத்திற்கு அழகன்று. பெற்றோருக்கு நிலமும் குறைந்த வட்டிக் கடனும் கிடைக்கட்டும். அவர்கள் செய்யும் பொருளையும் பயிற்சியையும் ஏழைக் குடும்பங்களுக்காகச் சர்க்காரே விலை கொடுத்து வாங்கட்டும். பராமரிப்பாளர் படி தயவாக அன்றி உரிமையாகக் கிடைக்கட்டும்.

இம்மூன்றையும் கேட்பது மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களுக்கு மாத்திரம் உரிய காரியம் என்று நம் தேசத் தொண்டர்கள் ஒதுங்கியிருத்தல் ஆகாது. தத்தம் ஜில்லாவில் 37ஆவது ஷரத்தின்படி எவ்வளவு நிலம் ஒதுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று தகவலுரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதிக் கேட்பதற்கு அதிகப் பிரயாசை இல்லை. “நமக்குப் பின் யார்?” என்று தாய் கேட்கிறாள். “நாங்கள்” என்று சொல்லக் கடமைப்பட்டது தேசம். அதைச் சொல்லாத தேசத்திற்கு சுயராஜ்யம் என்னும் சொல் வாயளவே.