பழியைப் புகைத்தவர் தலையில் போட்டோம்

செத்தவீட்டில் தட்டம் சுற்றி வரும்: வெற்றிலை, பாக்கு, சுருட்டு, சிகரட். நுரையீரல் புற்றுநோயில் போனவரின் செத்தவீட்டிலும் அதே தட்டம்தான். சிகரட் வைக்காவிட்டால் ஊர் கதைக்கும் என்று வைத்தோம். பிறகு, "அவர் சுருட்டை விடேல்லை, அதுதான்" என்று போனவர் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டு, வீடு வந்து குளித்தோம்.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அந்தக் காசில் கல்வீடு கட்டினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம். படித்து டொக்டராகி வந்தவர்கள் புகைக்காதே என்றபோது தலையாட்டினோம். அடுத்த வருடமும் புகையிலைக் கன்றே நட்டோம். தோட்டக்காரரின் மாற்றுப் பயிருக்குச் சந்தை தேடிக் கொடுப்பது எங்கள் வேலை என்று நினைக்கவேயில்லை.

புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிட 15 முதல் 30 மடங்கு. அது தெரியும். மற்றக் காரணங்களைத் தெரியாதவர்போல இருந்தோம். விறாந்தையில் அப்பா விட்ட புகையைப் பிள்ளை சுவாசித்தது. ஊமலும் பொச்சுமட்டையும் எரியும் அடுப்படியில், புகைபோக்கி இல்லாமல் அம்மா ஊதுகுழலோடு குந்தியிருந்தா. விறகுப் புகையும் அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம். "சிகரட்டைத் தொடாதவவுக்கு எப்பிடி வந்தது?" என்று கேட்டோமே தவிர, கரிபிடித்த முகட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. போரில் உடைந்த அஸ்பெஸ்ரோஸ் சீற்றுகளை முகம் மூடாமல் அறுத்தோம், அடித்து நொறுக்கினோம். அந்தத் தூசியும் நுரையீரலுக்கு எமன்தான்.

21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது என்று 2006ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. "அப்பாவுக்கு ஒண்டு வாங்கிவா" என்று பெடியனைக் கடைக்கு அனுப்பியது அரசாங்கமா? நாங்கள்தான்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து, புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்த்தார்கள். தெல்லிப்பழையில் அந்த ஆஸ்பத்திரி எழுந்தது. பெருமைப்பட்டோம். ஆனால் விடாத இருமலுக்கும் சளியில் கண்ட இரத்தத்துக்கும் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்து மாதங்களைப் போக்கிவிட்டு, முற்றிய பிறகுதான் அங்கே கூட்டிப்போனோம்.

புகைத்தலை விட்டவருக்குப் பத்து வருடத்தில் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே இன்றைக்கே விடச் சொல்லுங்கள், விடுகிறவருக்குத் துணை நில்லுங்கள். இருமல் மூன்று கிழமை தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்தி, நெஞ்சுப் படம் எடுக்கக் கூட்டிப்போங்கள்.