எஞ்சினை ஓட்டுபவர் யார்? துடைப்பவர் யார்?



சென்ற ஆண்டு ஒரு நாள், வெப்பவியல் பாடம் முடிந்தபின் எஞ்சிய நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு ஒரு குறும்படம் காட்டினேன். இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தோட்டம். பூச்செடிகளுக்கு நடுவே தண்டவாளம் வளைந்து செல்கிறது. அதன்மேல் முழங்கால் உயரமே உள்ள ஓர் எஞ்சின் வருகிறது. அது சாவி கொடுத்து ஓடும் பொம்மை அன்று. நிலக்கரி எரிகிறது, நீர் கொதிக்கிறது, நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பெரியவர் அமர்ந்து ஓட்டுகிறார். அவருக்குப் பின்னே ஏழெட்டுப் பேர் குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் காலைப் போட்டு அமர்ந்திருக்கிறார்கள்.

வகுப்பு முழுவதும் கைதட்டியது. ஒரு மாணவி மட்டும் எழுந்து, "டீச்சர், உட்கார்ந்து போகிறவர்களில் பெண்கள் இருக்கிறார்கள். ஓட்டுகிறவர்களில் ஒருவரைக்கூடக் காணோமே, ஏன்?" என்று கேட்டாள்.

"அங்கே அது அப்படித்தான் பழகிவிட்டது அம்மா" என்றேன். மணி அடித்துவிட்டது. ஆனால் நான் சொன்னது பதில் ஆகாது என்பது எனக்கே தெரியும். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

முதலில் இந்த எஞ்சின்களைப் பற்றிச் சிறிது அறிவோம். தோட்ட ரயில்களில் பல அளவுகள் உண்டு. 32 மில்லிமீட்டர், 45 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுபவை அருகில் நின்று பார்த்து மகிழ்வதற்கு. 5 அங்குலம், 7¼ அங்குலம் அகலப் பாதையில் ஓடுபவை மனிதர்களை ஏற்றிச் செல்பவை. 7¼ அங்குல எஞ்சின் பெரும்பாலும் உண்மை எஞ்சினில் எட்டில் ஒரு பங்கு அளவினது. இவ்வளவு சிறிய எஞ்சின் நிலக்கரியில் ஓடி ஆட்களை இழுக்குமா என்று ஒரு காலத்தில் பலர் ஐயுற்றனர். 1920களில் "எல்.பி.எஸ்.சி." என்ற புனைபெயரில் "மாடல் இன்ஜினியர்" இதழில் எழுதிவந்த ஆங்கிலேயர் ஒருவர், 2½ அங்குலப் பாதையில் ஓடும் "ஆயிஷா" என்ற தம் எஞ்சினைக் கொண்டு அந்த ஐயத்தைப் போக்கினார். நிலக்கரியிலேயே ஓடிய அந்தச் சின்னஞ்சிறு எஞ்சின் மனிதர்களை இழுத்துக் காட்டியது. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பார்களே, அதற்கு இது நல்ல சான்று.

இனி ஒரு கேள்வி. நம் வீடுகளில் நாள்தோறும் நீராவியை அடக்கி ஆள்பவர் யார்? அம்மாதான். பிரஷர் குக்கரும் ஒரு கொதிகலனே. இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. 1679-ஆம் ஆண்டில் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர், எலும்பையும் மென்மையாக்கும் மூடிய பாத்திரம் ஒன்றை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். அது வெடித்துவிடாமல் இருக்க, எடை வைத்த ஒரு வால்வையும் அமைத்தார். நம் குக்கரின் மூதாதை அதுதான். அதே பாப்பின் 1690-இல், நீராவியால் பிஸ்டனை இயக்கலாம் என்று எழுதினார். ஆகவே குக்கரும் ரயில் எஞ்சினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் எனலாம்.

குக்கருக்கு அம்மா கடைப்பிடிக்கும் விதிகளை எண்ணிப் பாருங்கள். நீர் இல்லாமல் அடுப்பில் வைக்கக் கூடாது. வெயிட் வைக்குமுன் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காஸ்கெட் தேய்ந்தால் மாற்ற வேண்டும். அழுத்தம் இறங்குமுன் மூடியைத் திறக்கக் கூடாது. குட்டி எஞ்சினை ஓட்டுபவரும் இவற்றையேதான் வேறு பெயர்களில் கடைப்பிடிக்கிறார். வேறுபாடு அளவில்தான். குக்கரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு, வெப்பம் 120 டிகிரி செல்சியஸ். எஞ்சினின் கொதிகலனில் அழுத்தம் 100 பவுண்டு என்றால், உள்ளே நீரின் வெப்பம் 170 டிகிரி.

"சிறிய எஞ்சின்தானே, அதற்கு என்ன இவ்வளவு கவனம்?" என்று சிலர் கேட்கலாம். கணக்கு மறுவிதமாகச் சொல்கிறது. நீளத்தை எட்டில் ஒன்றாகக் குறைத்தால் பரப்பு 64-இல் ஒன்றாகும். கொள்ளளவோ 512-இல் ஒன்றாகிவிடும். அதாவது உள்ளே இருக்கும் நீரோடு ஒப்பிட, வெப்பம் வெளியேறும் பரப்பு எட்டு மடங்கு. எனவே சிறிய கொதிகலன் விரைவில் குளிர்கிறது. நீரும் கொஞ்சமே உள்ளதால் அதன் மட்டம் சடுதியில் இறங்கிவிடுகிறது. பெரிய எஞ்சினில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும், சிறியது பொறுக்காது. சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குக் கூடுதல் விழிப்பு வேண்டும் என்பது தாய்மாருக்குத் தெரிந்ததே.

ஓர் எஞ்சினின் ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் முதல் வேலை நெருப்பு அன்று, நீர். கண்ணாடிக் குழாயில் நீர் மட்டம் தெரியும். ஆனால் அதன் வழி அடைத்திருந்தால் கண்ணாடி பொய் சொல்லும். ஆகையால் நீராவி வந்ததும் அதன் குழாயைத் திறந்து ஊதவிட்டுச் சரிபார்க்க வேண்டும். நெருப்புப் பெட்டியின் மேற்கூரையை எப்போதும் நீர் மூடியிருக்க வேண்டும். அது வெளிப்பட்டால் உலோகம் அளவுமீறிச் சூடாகி வலுவிழக்கும். அதனால்தான் நீர் ஏற்றுவதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் வைத்திருப்பார்கள். ஒன்று பம்ப்பு, மற்றொன்று 1858-இல் ஹென்றி ஜிஃபார்டு கண்டுபிடித்த இன்ஜெக்டர். ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும்.

அடுத்து, உராயும் ஒவ்வோர் இடத்துக்கும் எண்ணெய். பிறகே நெருப்பு. நீராவி இல்லாதபோது புகைபோக்கியில் காற்று இழுவை இராது. ஆகவே அதன்மேல் ஒரு சிறிய மின்விசிறியை வைத்து இழுக்கிறார்கள். நீராவி எழுந்ததும் அதுவே காற்றை இழுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் சுமார் ஒரு மணி நேரம் ஆகலாம். அவசரப்படுத்தினால் உலோகம் சீராக விரியாமல் இணைப்புகள் பழுதாகும்.

மாலையில் விருந்தினர் போய்விடுவார்கள், எஞ்சினுக்குரிய வேலை அப்போதுதான் தொடங்கும். நெருப்பை அகற்ற வேண்டும். கொதிகலனில் அடியில் தங்கிய கசடை நீரோடு வெளியேற்ற வேண்டும். புகைக் குழாய்களைத் தூரிகையிட்டுத் துலக்க வேண்டும். புகைப்பெட்டிச் சாம்பலை விட்டுவைத்தால் அது ஈரம் வாங்கி உலோகத்தை அரிக்கும். குளிர்நாடுகளில் ஒரு சொட்டு நீரும் குழாய்களில் தங்கலாகாது. உறைந்தால் விரிந்து வெடிக்கச் செய்துவிடும். நம் கெட்டிலின் அடியில் படியும் வெண்ணிற உப்பு கொதிகலனிலும் படியும். அதற்கஞ்சிப் பலர் மழைநீரைச் சேமித்து ஊற்றுகிறார்கள்.

இவை போதாதென்று, குறித்த காலத்தில் கொதிகலனைச் சோதிக்கவும் வேண்டும். பிரிட்டனில் உள்ள சங்கங்களில் புதிய கொதிகலனை அது வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும், பழையதை ஒன்றரை மடங்குக்கும் சோதிப்பது வழக்கம். சோதனைக்கு நீராவியைப் பயன்படுத்தாமல் குளிர்ந்த நீரையே அடைத்து அழுத்துகிறார்கள். நீர் அழுத்தத்தால் சுருங்குவது மிகக் குறைவு. ஆகவே கொதிகலன் விரிசல் கண்டாலும் நீர் கசியும், அவ்வளவே. நீராவியாக இருந்தால் வெடிக்கும்.

கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. மிக்கி மவுஸ் படங்களால் நாம் அறிந்த வால்ட் டிஸ்னி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தம் வீட்டுத் தோட்டத்தில் 2,615 அடி நீளத்துக்கு 7¼ அங்குலப் பாதை அமைத்தார். 1950-இல் அதில் ரயில் ஓடியது. எஞ்சினுக்குத் தம் மனைவி லில்லியனின் பெயரால் "லில்லி பெல்" என்று பெயரிட்டார். மனைவியின் பூம்பாத்திகள் கெடாதவாறு அவற்றின் அடியில் சுரங்கப்பாதை வெட்டினார். தம் ஸ்டூடியோவின் இயந்திரப் பட்டறையில் ரோஜர் பிராகி என்ற வல்லுநரிடம் தொழில் கற்று, சில உறுப்புகளைத் தம் கையாலேயே செய்தார். அவர் எஞ்சினின் அருமை தெரிந்தவர். ஆனால் விருந்தினர்களும் அதை ஓட்டினார்கள். 1953-இல் ஒரு நாள், ஒருவர் வளைவில் மிக வேகமாக ஓட்ட, எஞ்சின் தடம் புரண்டு நீராவி பீறிட்டது. அருகே வந்த ஒரு சிறுமிக்கு அதனால் தீக்காயம் ஏற்பட்டது. டிஸ்னி அந்த ரயிலை நிறுத்தி எஞ்சினை உள்ளே வைத்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து, 1955-இல் அவர் திறந்த டிஸ்னிலாண்டைச் சுற்றி நீராவி ரயில் ஓடியது. ஆனால் அதை ஓட்டியவர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள்.

இந்த வரலாற்றில் நான் காணும் பாடம் இது. கைப்பிடியைத் தள்ளினால் எஞ்சின் ஓடும் என்பது விருந்தாளிக்கும் தெரியும். காலையில் நீர் பார்த்தவருக்கும் மாலையில் சாம்பல் அள்ளியவருக்கும்தான் அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் என்ன அடைபட்டிருக்கிறது என்பது தெரியும். பந்திக்கு முந்தி, இலை எடுக்கும் நேரத்தில் காணாமற்போகிறவரிடம் எஞ்சினை ஒப்படைக்கலாகாது. துடைக்கக் கற்றவரே ஓட்டத் தக்கவர்.

அப்படியானால் என் மாணவி கேட்ட கேள்வி இன்னும் கூர்மையாகிறது. துடைப்பதிலும் துலக்குவதிலும் பெண்கள் என்றைக்குப் பின்தங்கினார்கள்? பிரிட்டனின் பெரிய ரயில்களில் ஒருவர் முதலில் எஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்து, பிறகு கரி போடுபவராகி, அதன்பின் ஓட்டுநர் ஆவது வழக்கம். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குச் சென்றபோது, பெண்கள் எஞ்சின் துடைக்கும் பணியில் சேர்ந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த ஏணி முதற்படியோடு நின்றுவிட்டது. ஆணுக்கு எண்ணெய்த் துணி தொடக்கமாக இருந்தது, பெண்ணுக்கு அதுவே முடிவாயிற்று. எஞ்சினுக்குப் பெண்ணின் பெயரைச் சூட்டுவது எளிது. பெண்ணின் கையில் அதன் கைப்பிடியைத் தருவதற்கு உலகம் நெடுங்காலம் தயங்கியது.

அந்தத் தயக்கம் வீண் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1980களின் இறுதியில் ரயில் ஓட்டத் தொடங்கிய சுரேகா யாதவ், 2023-இல் சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு வந்தே பாரத் ரயிலை ஓட்டிச் சென்றார். இன்று தோட்ட ரயில் சங்கங்களிலும் ஓட்டுகின்ற பெண்கள் இல்லாமல் இல்லை. நான் காட்டிய படத்தில்தான் இல்லை.

சில பெற்றோர், "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஆபத்து? கையில் கரி, உடையில் எண்ணெய்" என்று நினைக்கக்கூடும். அவர்களைப் பணிவுடன் கேட்கிறேன். பதினைந்து வயதில் குக்கரை நம்பி ஒப்படைக்கிறோமே, அது ஆபத்து இல்லையா? விதியைச் சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் நின்று, பிறகுதானே ஒப்படைக்கிறோம்? எஞ்சினுக்கும் அதே வழி போதும். "இது நீராவிக் காலமா? மின்சாரம் வந்துவிட்டதே" என்பாரும் உண்டு. உண்மைதான். கரிப்புகை காற்றுக்கு நல்லதன்று என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய கருவிகள் பலவும் தம் உள்ளுறுப்புகளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்கின்றன. பழுதானால் தூக்கி எறிகிறோம். நீராவி எஞ்சினில் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. காரணமும் விளைவும் கைகோத்து நிற்கின்றன. கவனக்குறைவும் அன்றே தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

ஆகவே தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களுக்கு இம்மலரின் வழியாகவே ஒரு விண்ணப்பம். தோட்டத்தில் ரயில் பாதை கேட்கவில்லை. மேசைமேல் வைக்கத்தக்க சிறிய நீராவி எஞ்சின் ஒன்று நம் ஆய்வகத்துக்கு வேண்டும். ஆசிரியை உடனிருக்க, இருவர் இருவராக மாணவிகள் அதை இயக்கட்டும். அதற்கு ஒரு வருகைப் பட்டியல் போடுவோம். காலையில் நீர் பார்த்து எண்ணெய் இட்டவர்களே அன்று அதை ஓட்டுவார்கள். ஓட்டியவர்களே மாலையில் துடைத்து, நீரை வடித்து, அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். பட்டியலின் முதல் வரியில் அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.