பட்டனை அழுத்துவதற்கா இவ்வளவு கூலி?

“ஒரு பட்டனை அழுத்துவதற்கா இவ்வளவு பணம்?” வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களில் திருமணம் நடந்து முடிந்த வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி ஒலிக்கிறது. சமையற்காரரிடமும் பந்தற்காரரிடமும் நகைக்கடையிலும் கேட்கத் துணியாத இக்கேள்வி, பாக்கித் தொகைக்காக வாசலில் வந்து நிற்கும் புகைப்படக்காரரிடம் மட்டும் தயக்கமின்றிக் கேட்கப்படுகிறது. கேட்பவர் கொடியவர் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர். அன்பியக் கூட்டத்தில் ஏழைகளுக்காக மன்றாடுகிறவர். அதனால்தான் இதனை இவ்விதழில் பேச வேண்டியிருக்கிறது.

யார் இந்தப் புகைப்படக்காரர்? மாதச் சம்பளமோ, வைப்பு நிதியோ, வார விடுமுறையோ இல்லாதவர். பலருக்குச் சொந்தமாக ஸ்டுடியோவும் கிடையாது. ஒரு கேமராப் பையும் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு கணினியுமே அவருடைய தொழிற்கூடம். காலையில் வில்லியனூரில் திருமணம், மாலையில் பாகூரில் மஞ்சள் நீராட்டு, மறுநாள் எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் ஒரு வளைகாப்பு என்று ஓடுகிறார். வில்லியனூர் லூர்து அன்னையின் திருவிழாத் தேர்ப்பவனியிலும் அவரைக் காணலாம். திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்திலும் காணலாம். இழவு வீட்டில் கடைசிப் படம் எடுக்க அழைக்கப்படுகிறவரும் அவரே. நம் மகிழ்ச்சிக்கும் துயரத்துக்கும் சாட்சியாக நிற்கும் அவர், நாம் உண்டு முடித்த பிறகே பந்தியில் அமர்கிறார். சில வேளை அதற்கும் நேரமிருப்பதில்லை.

இனி, அந்தப் ‘பட்டன்’ கணக்கைப் பார்ப்போம். பிலிம் சுருள் இருந்த நாளில் ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படங்கள். ஆகவே எண்ணி எடுத்தார்கள். இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஒரு திருமணத்துக்கு மூவாயிரம் படங்கள் எடுக்கப்படுகின்றன எனக் கொள்வோம். ஒவ்வொன்றையும் பார்த்து, நல்லதைத் தேர்ந்து, ஒளியும் நிறமும் திருத்த ஒரு நிமிடம் ஆனாலும் மூவாயிரம் நிமிடங்கள். அதாவது ஐம்பது மணி நேரம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் எட்டு நாளுக்கு மேல் ஆகும். அதன்பின் ஆல்பத்துக்குப் பக்கம் வடிவமைக்க வேண்டும். வீட்டாரிடம் காட்டி, “சித்தப்பா படம் விட்டுப் போயிற்று”, “மாமியார் முகம் கறுத்திருக்கிறது” என்ற குறைகளைக் கேட்டுத் திருத்த வேண்டும். அச்சுக்கு அனுப்ப வேண்டும். அச்சகத்துக்கான பணத்தை அவர் முதலிலேயே கட்டியாக வேண்டும். உடன் வந்த வீடியோக்காரருக்கும் விளக்குப் பிடித்த பையனுக்கும் அன்றைய இரவே கூலி தந்தாக வேண்டும். கேமரா வாங்கிய கடனின் தவணை ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும். இவையெல்லாம் போக மிஞ்சுவதே அவர் வீட்டு அடுப்பை எரிக்கிறது. மிஞ்ச வேண்டிய அந்தத் தொகைதான் நாம் நிறுத்தி வைக்கும் பாக்கி!

அவருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருப்பதுமில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் திருமணம் நடப்பதில்லை. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் நம் வீடுகளில் நடப்பதில்லை. எஞ்சிய மாதங்களின் முகூர்த்த நாள்களில் சம்பாதித்ததைக்கொண்டு பன்னிரண்டு மாதமும் வாழ வேண்டும். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும், பின்னர்த் திருமணத்துக்கு ஐம்பது பேர் மட்டுமே என்ற வரம்பு வந்ததும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? கோடையின் முகூர்த்தங்கள் முழுவதும் கைநழுவிப் போயின. தள்ளி வைத்த திருமணத்தைப் பின்னர் நடத்திக்கொண்டோம். தள்ளிப்போன அவருடைய பசியை யார் நடத்தி வைத்தார்கள்?

“அவர் கோவிலில் பீடத்தின்மேல் ஏறி நிற்கிறார், வழிபாட்டைக் கெடுக்கிறார், அவருக்காகவா பரிந்து பேசுகிறீர்கள்?” என்று சிலர் சினக்கலாம். அந்தச் சினம் நியாயமானதே. 1967இல் வெளியான நற்கருணை பற்றிய உரோமைப் போதனை மடல், திருப்பலி படமெடுப்பதால் குலையக் கூடாது என்று வலியுறுத்தியிருக்கிறது. அந்த ஒழுங்கில் நமக்கு ஐயமே இல்லை. ஆனால், மோதிரம் மாற்றும் விரல் மிக அருகில் தெரிய வேண்டும் என்று கேட்டது யார்? தலைக்குமேல் டிரோன் பறக்க வேண்டும், மறுநாளே கைப்பேசியில் ரீல் வர வேண்டும் என்று கட்டளையிட்டது யார்? கேட்ட படம் இல்லையென்றால் பாக்கியைப் பிடித்துக்கொள்வது யார்? ஏவியவரை முன்வரிசையில் அமர்த்திவிட்டு, ஏவப்பட்டவரை மட்டும் கண்டிப்பது நீதியாகாது. ஒழுங்கைக் கற்பிக்க வேண்டியது முதலில் திருமண வீட்டாருக்கே.

“விருப்பப்பட்டுத்தானே ஒப்புக்கொண்டார்?” என்பது இன்னொரு வாதம். அடுத்த தெருவில் குறைந்த விலைக்கு வரும் மற்றொருவரைக் காட்டி, அவரைப் பேரத்தில் மண்டியிடச் செய்த பின், அதற்கு விருப்பம் என்று பெயரிடுகிறோம். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தம் சுற்றுமடலில் இதற்கு அன்றே மறுமொழி தந்துவிட்டார். தேவையின் நெருக்கடியால் குறைந்த கூலிக்கு இசையும் தொழிலாளியின் இசைவு உண்மையான இசைவன்று. உரிய கூலியை மறுப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்பது அவர் போதனை. 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அதே லியோ என்னும் பெயரை ஏற்றபோது, அந்தச் சுற்றுமடலையே காரணங்களுள் முதன்மையாகச் சுட்டினார். ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் அது எழுதப்பட்டதென்று நாம் எண்ணினால் அதைப் படிக்கவில்லை என்றே பொருள்.

நாட்டின் சட்டத்தையும் சற்று எண்ணிப் பார்ப்போம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்று ஒப்பந்தம் ஏதும் இல்லாவிடில், ஒருவர் பணம் தந்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவரேயாவார். படமெடுத்தவர் தம் உழைப்பின் உரிமையையே நம்மிடம் விட்டுக்கொடுக்கிறார். ஆயினும் அப்படத்தை ஆக்கியவர் தாமே என்று உரிமை கோர அதே சட்டம் அவருக்கு இடமளிக்கிறது. நம் பங்கு மலர்களிலும் விழா அழைப்பிதழ்களிலும் அச்சேறும் படங்களின் கீழே எத்தனை முறை ஒரு பெயரைக் கண்டிருக்கிறோம்?

இங்கே மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பங்குத் திருவிழா, முதல் நற்கருணை, ஆயரின் வருகை என்றால் அவரை அழைத்து, “கோவில் காரியம்தானே, காணிக்கையாகச் செய்துவிடுங்கள்” என்று சொல்லும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. காணிக்கை என்பது கொடுப்பவர் உள்ளத்திலிருந்து புறப்பட வேண்டும். வாங்குபவர் வாயிலிருந்து புறப்பட்டால் அதற்குப் பெயர் காணிக்கையன்று, வரி. கூலியை முழுமையாகக் கையில் கொடுப்போம். அதில் ஒரு பங்கை அவர் உண்டியலில் இட்டால், அதுவே காணிக்கை.

அவருடைய வேலையின் மதிப்பை நம்மைவிட அயலார் அறிந்திருக்கின்றனர். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகிக்கொண்டிருந்த குடும்பப் படங்களைத் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு கணினியில் பதிந்து காத்தனர். ஒரு மக்களின் உடையும் உறவும் முகமும் எப்படி இருந்தன என்பதற்கு அப்படங்களே சான்று. நம் வீட்டுச் சுவரில் மாலையிட்டுத் தொங்கும் பாட்டனாரின் முகமும் யாரோ ஒரு புகைப்படக்காரர் நமக்குத் தந்ததன்றோ?

எனவே நாம் கேட்பவை பெரியவை அல்ல. பேசிய தொகையை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் வைத்துக்கொள்ள வேண்டும். சமையற்காரருக்கு அன்றே கணக்குத் தீர்ப்பதுபோல, படமெடுத்த நாளின் கூலியை அன்றே தீர்த்து, ஆல்பத்தின் செலவை மட்டும் அது கைக்கு வரும்போது தர வேண்டும். பங்கில் அச்சாகும் படத்தின் கீழ் எடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். திருமண ஓலை வாசிக்கும் முன் மணமக்களுக்குத் தரும் அறிவுரையில், பீடத்தருகே எது கூடும், எது கூடாது என்பதோடு, உழைத்தவருக்குக் கூலி தருவதும் திருமணத்தின் ஒரு பகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தொழிலாளியின் கூலி மறுநாள் காலைவரை உன்னிடம் தங்கலாகாது என்பது மோசேயின் காலத்துக் கட்டளை. நம் வீடுகளிலோ அது ஆல்பம் மஞ்சளாகும்வரை தங்குகிறது. கூலி கொடாத ஆல்பத்தில் நாம் எவ்வளவு அழகாகச் சிரித்தாலும், அச்சிரிப்பு பிறர் பணத்தில் சிரித்த சிரிப்பே.