போட்டியாளனுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

போட்டியாளனுக்குச் சொல்லிக் கொடுத்தால் நமக்குத்தான் நஷ்டம் என்கிறார்கள் பலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்பெயினில் ஒலியானா என்ற சிறிய ஊருக்கு அருகே உயரமான சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அதில் போல்ட் அடித்து, 'லா துரா துரா' என்ற மிகக் கடினமான ஏறுபாதையை உருவாக்கியவர் அமெரிக்க வீரர் கிறிஸ் ஷர்மா. செக் நாட்டு வீரர் ஆடம் ஓண்ட்ராவும் அதில் ஏற வந்தார். விரலை எங்கே வைப்பது, காலை எங்கே ஊன்றுவது என்று இருவரும் பேசிப் பேசியே முயன்றார்கள். 2013 பிப்ரவரியில் ஓண்ட்ரா முதலில் ஏறிவிட்டார்.

"பார்த்தியா, ஷர்மாவுக்கு முதலிடம் போச்சே!" என்பீர்கள். போச்சுதான். ஆனால் அடுத்த மாதமே அவரும் ஏறிட்டாரே!

அவர்கள் ஜெயிக்க வேண்டியது பாறையை. நாம் ஜெயிக்க வேண்டியது கணக்கை. பக்கத்து பெஞ்சுக்காரனை இல்லை. பரீட்சை வருது, நோட்டை மறைக்காதீங்க!