ஒரு மணிக்கூட்டைத் திருப்ப ஒரு கை போதும்



வன்னியில் இரண்டு நேரம் ஓடியது ஞாபகம் இருக்கிறதா? 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் கூட்டியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைத்தது. புலிகளின் பகுதியில் பழைய நேரமே இருந்தது. 2002இல் பாதை திறந்த பிறகு ஓமந்தையைத் தாண்டினால் அரை மணித்தியாலம் மாறும். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத்தான் எதையும் பேசுவோம். 2006 ஏப்ரலில்தான் நாடு முழுக்க ஒரே நேரம் வந்தது.

போன தவணை எங்கள் கணினி அறையிலும் இதே கதை. ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் போட்டேன். கணினிக்குள் இருக்கும் மணிக்கூட்டில் விண்டோஸ் எங்கள் நேரத்தை வைக்கும். லினக்ஸ் வழக்கமாக உலகப் பொது நேரத்தை வைக்கும். வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். இணையமும் ஒழுங்காக இல்லாததால் பிழை திருந்தவில்லை. ஒரு பிள்ளை காலை பத்து மணிக்குச் செய்த வேலை அதிகாலை நாலரை என்று காட்டியது. வீட்டில் யாரோ செய்து கொடுத்தது என்று ஏசிவிட்டேன். காரணம் தெரிந்ததும் வகுப்பில் வைத்தே மன்னிப்புக் கேட்டேன். இரண்டையும் ஒரே கணக்குக்கு மாற்றினேன்.

பிறகு, ஒரு கணினியிலிருந்து மற்றவற்றுக்கு நேரம் கொடுக்க 'குரோனி' நிறுவினேன். ஏற்கனவே இருந்த 'டைம்சிங்க்டி' நீக்கப்படும் என்று திரையில் வந்தது. அது பிழைச் செய்தி அல்ல. இரண்டும் ஒரே மணிக்கூட்டைத் திருப்புகிற வேலைக்காரர்கள். ஒன்றாக இருந்தால் ஒன்று திருத்தியதை மற்றது மாற்றும். அதனால்தான் ஒன்று வந்தால் மற்றது போகிறது.

பாடசாலைகளுக்கு உதவியாகக் கணினி போட்டுக் கொடுக்கும் தம்பிமாரே, "இரண்டும் இருக்கட்டும், பாதுகாப்பு" என்று வலிந்து நிறுவாதீர்கள். நேரத்தைப் பல இடத்தில் கேட்கலாம். குரோனியே பல சேவையகங்களைக் கேட்டு ஒப்பிடும். திருப்புவது ஒரு கையாக இருக்க வேண்டும். எத்தனை பேரின் கையில் போன் இருந்தாலும், பள்ளிவாசலில் நோன்பு திறப்பது ஒரு பாங்குக்குத்தானே.

நிறுவ முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கணினியில் நேரத்துக்குப் பொறுப்பு யார்? பதிலை எழுதி அறைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்து வருபவர் இன்னொன்றைப் போட மாட்டார். பிழையான நேரத்தை நம்பி எந்தப் பிள்ளையும் ஏச்சு வாங்காது.